ரூட் கோப்பு முறைமை என்றால் டார் கோப்பை விரிப்பதுதானே?

கேள்வி: 2025 ஜூன் 8, மாலை

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். கண்டெய்னருக்கு (ஒரு கணினிக்குள் தனியாக ஓடும் சிறு லினக்ஸ்) ரூட் கோப்பு முறைமை (அதன் கோப்புகள் எல்லாம் இருக்கும் அடைவு) அமைப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு இது ஒரே வரி வேலையாகத்தான் தெரிகிறது. டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) இறக்கு, ஓர் அடைவில் விரி, கண்டெய்னரை இயக்கும் சிஸ்டம்டி-என்ஸ்பானை அதன்மேல் ஓட்டு. இதில் எழுத என்ன இருக்கிறது? கூடவே ஒரு சின்ன சந்தேகம். டெபூட்ஸ்ட்ராப்பில் (டெபியன் லினக்ஸை ஓர் அடைவில் கட்டும் கருவி) மின்பேஸ் என்ற மிகச் சிறிய வகையைப் போட்டு எடுத்த டெபியன் பூட் ஆகாமல் இனிட் (முதலில் எழுந்து மற்றச் சேவைகளைத் தொடங்கும் நிரல்) இல்லை என்று நின்றுவிடுகிறது. உபுண்டு டாரை விரித்து மெஷின்சிடிஎல் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் கட்டளை) மூலம் தொடங்கினால் பூட் ஆகிறது, ஆனால் உள்ளே நெட் இல்லை.

2025 ஜூன் 8, இரவு

பதில்: ஒரே வரி வேலை என்கிறீர்கள். அதே மூச்சில் பூட் ஆகவில்லை, நெட் இல்லை என்றும் சொல்கிறீர்கள். எதை நம்புவது?

நீங்கள் சொன்னதில் சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கண்டெய்னரின் ரூட் வெறும் அடைவுதான். உள்ளே கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வேண்டாம், அதை ஏற்றிவிடும் கிரப் வேண்டாம், இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம். ஓடுவது வெளிக் கணினியின் கர்னல். என்ஸ்பானும் பெரிதாக எதையும் கேட்பதில்லை. உள்ளே யூஎஸ்ஆர் அடைவு இல்லாவிட்டால் இது இயங்குதளம் மாதிரி தெரியவில்லையே என்று மறுக்கும், அவ்வளவுதான். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் மினிரூட்எஃப்எஸ் டார் 3 எம்பி சொச்சம். விரித்த மறுநொடி ஷெல் வந்துவிடும்.

மின்பேஸ் என்றால் அத்தியாவசியப் பொதிகளும் (மென்பொருள் தொகுப்புகள்) அவற்றை நிறுவும் ஆப்ட்டும் மட்டும். இனிட் அந்தப் பட்டியலில் கிடையாது. டெபூட்ஸ்ட்ராப்பின் இன்க்ளூட் விருப்பத்தில் சிஸ்டம்டி-சிஸ்வி (இனிட்டைத் தருவது), டிபஸ் (நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சேவை) இரண்டையும் சேருங்கள். டிபஸை விட்டுவிட்டால் பூட் ஆகும், மெஷின்சிடிஎல் லாகின் மட்டும் உள்ளே விடாது. பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நெட் விஷயம் வேறு. என்ஸ்பானை நேரடியாக ஓட்டினால் வெளிக் கணினியின் வலையிணைப்பையே கண்டெய்னரும் பயன்படுத்தும். மெஷின்சிடிஎல் வழியாகத் தொடங்கினால் வீத் என்ற தனி இணைப்பு பிறக்கிறது. உள்ளே அதன் பெயர் ஹோஸ்ட்0. அதற்கு முகவரி கொடுக்க வெளியேயும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி ஓட வேண்டும், உள்ளேயும் ஓட வேண்டும். உங்கள் கணினியில் நெட்வொர்க்மேனேஜர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

எழுத என்ன இருக்கிறது என்றீர்களே. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சின்னப் பெட்டி ஒன்று, அதற்குள் மூன்று கண்டெய்னர்கள்: எடைமேடை, பில், அச்சு. மூன்றையும் விரிப்பதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். விரித்த பிறகு நடப்பதைத்தான் பருவம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது இங்கே எழுதுகிறேன்.

2025 ஜூன் 9, காலை

விட்டுப்போன ஒன்று. டாரை ரூட்டாக இருந்து விரியுங்கள், நியூமெரிக்-ஓனர் விருப்பத்தோடு. அது இல்லாமல் விரித்தால் டார் பெயரைப் பார்த்து உரிமையாளரை முடிவு செய்யும். உங்கள் கணினியில் அதே பெயருக்கு வேறு எண் இருந்தால், உள்ளே தரவுத்தளக் கோப்புகள் எவனோ ஒருவனுக்குச் சொந்தமாகிவிடும். எக்ஸ்அட்ரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பொதியும்போதும் விரிக்கும்போதும். கோப்புக்குக் கொடுத்த தனி உரிமைகள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. அவை உதிர்ந்துபோனால் எந்தப் பிழையும் தெரியாது. சாதாரணப் பயனர் ஒருவர் பிங் அடிக்கும்போது அனுமதி இல்லை என்று வரலாம். அதற்கும் டாருக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

2025 ஜூன் 12

டாக்கர் (இன்னொரு கண்டெய்னர் கருவி) பிம்பத்தை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எடுக்கலாம். டாக்கர் எக்ஸ்போர்ட் அடுக்குகளையெல்லாம் தட்டையாக்கி ஒரே டாராகக் கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பிம்பங்கள் ஒரே ஒரு நிரலை ஓட்டுவதற்காகச் செதுக்கப்பட்டவை. இனிட் இருக்காது, க்ரான் இருக்காது, லாக் எழுத ஆள் இருக்காது. எனக்கு வேண்டியது ஒரு சிறிய முழுக் கணினி. மின்சாரம் வந்ததும் தானாக எழுந்து எல்லாச் சேவைகளையும் தொடங்க வேண்டும். அதற்கு டெபியனையே அடியிலிருந்து கட்டிக்கொள்வது எளிது. எம்எம்டெப்ஸ்ட்ராப் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். டெபூட்ஸ்ட்ராப்பை விட வேகம், ஒரே நேரத்தில் பல களஞ்சியங்களைச் சேர்க்கலாம் (பாதுகாப்புத் திருத்தங்களும் முதல் நாளே உள்ளே வந்துவிடும்), ரூட் உரிமை இல்லாமலும் ஓடும்.

2025 ஜூன் 15, ஞாயிறு

எடைமேடை. இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டி மேடையில் ஏறி நிற்கும். இண்டிகேட்டர் (எடை காட்டும் கருவி) எடையைத் தொடர் கேபிள் வழியாக 2400 பாட் வேகத்தில் கணினிக்கு அனுப்பும். ஒரு பழைய நிரல் அதைப் படித்து எடைச் சீட்டு போடும். நிரல் 32 பிட். எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய் வெகு காலமாகிறது, மூலநிரல் யாரிடமும் இல்லை. வெளிக் கணினி 64 பிட் டெபியன் 12. அதிலேயே 32 பிட் நூலகங்களைக் கலந்து வைக்கலாம்தான். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு செத்துப்போன நிரலுக்காக உயிருள்ள கணினியை ஏன் குழப்ப வேண்டும்?

ஆகவே ஆர்க்கிடெக்சர் ஐ386 (32 பிட் இன்டெல்) என்று கொடுத்துத் தனி ரூட் கட்டினேன். 64 பிட் கர்னலில் 32 பிட் ரூட் அப்படியே ஓடும். ஒரே ஒரு சிக்கல், உள்ளே யூநேம் (கணினி வகையைச் சொல்லும் கட்டளை) கேட்டால் எக்ஸ்86-64 என்றே பதில் வரும். நிரலின் தொடக்க ஸ்கிரிப்ட் அதைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. என்ஸ்பானில் பெர்சனாலிட்டி என்ற அமைப்பை எக்ஸ்86 என்று வைத்தால் ஐ686 என்று பதில் வரும். ஸ்கிரிப்ட் சமாதானம் அடைந்துவிட்டது.

அடுத்து கேபிள். யூஎஸ்பி மாற்றி வெளியே டிடிஒய்-யூஎஸ்பி0 என்று வருகிறது. கண்டெய்னரின் டெவ் அடைவில் அது கிடையாது. நல், ஜீரோ, ரேண்டம் மாதிரி சில பொதுச் சாதனங்களை மட்டும் என்ஸ்பான் போட்டுக் கொடுக்கும். மற்றதை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கு இரண்டு கதவுகளைத் திறக்க வேண்டும். முதலாவது, என்ஸ்பான் அமைப்புக் கோப்பில் பைண்ட் வரி (வெளியே உள்ளதை உள்ளேயும் தெரியவைப்பது). அதோடு கோப்பு உள்ளே தெரியும், திறந்தால் அனுமதி மறுப்பு வரும். இரண்டாவது, சேவையின் அமைப்பில் டிவைஸ்அலவ் வரி, ஏனென்றால் சிகுரூப் (கர்னலின் கட்டுப்பாட்டு ஏற்பாடு) தனியாக ஒரு காவல் போட்டிருக்கிறது. இரண்டையும் திறந்த பிறகும் நிரல் படிக்கவில்லை. எல்எஸ் போட்டுப் பார்த்தேன்: உரிமையாளர் நோபடி, குழு நோகுரூப்.

காரணம் பயனர் எண் மாற்றம். மெஷின்சிடிஎல் தொடங்கும் கண்டெய்னருக்குத் தனிப் பயனர் வெளி உண்டு. உள்ளே இருக்கும் ரூட், வெளியே 524288-க்கு மேல் ஏதோ ஓர் எண். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் 65536 எண்கள் ஒதுக்கப்படும். வெளியே டயல்அவுட் குழுவின் (தொடர் கேபிளைத் திறக்க உரிமையுள்ள குழு) எண் 20. அந்த 20 உள்ளே எந்த எண்ணுக்கும் பொருந்தாததால் யாருமற்றதாகத் தெரிகிறது. உள்ளே பயனரை டயல்அவுட்டில் சேர்த்து ஒரு பயனும் இல்லை, அது வேறு 20.

பயனர் வெளியையே அணைத்துவிடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்று எழுதி அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் 0666 உரிமை (யாரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்தேன். ஆலையில் அந்தக் கேபிளைத் திருட்டுத்தனமாகப் படித்து மாங்காய் எடை தெரிந்துகொள்ள யாரும் வரப்போவதில்லை.

2025 ஜூன் 17

மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம். ஆலைக்கு ஜெனரேட்டர் உண்டு, எனக்கு இல்லை. செல்பேசியில் எழுதுவதால் சுருக்கமாக.

ரூட்டை அடிக்கடி புதிதாகக் கட்டுகிறவர்கள் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்துக்கொள்ளுங்கள். 3142 துறையில் (போர்ட்) உட்கார்ந்துகொண்டு, ஒரு முறை இறக்கிய பொதியை அடுத்த முறை வட்டிலிருந்தே கொடுக்கும். சாலை தோண்டும் இயந்திரம் ஃபைபரை அறுத்துவிட்ட நாளில் கூட, பட்டியலும் பொதிகளும் ஏற்கெனவே சேமிப்பில் இருந்ததால், நான் ஒரு ரூட் கட்டி முடித்தேன். பக்கத்து அறையில் பில் அனுப்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜூன் 22

ஓசூர் நண்பர் மீண்டும் வந்திருக்கிறார். நெட் வந்துவிட்டதாம், நெட்வொர்க்டிதான் குறையாம் (பந்தயப் பணத்தை எப்போது கொடுப்பார் என்று எழுதவில்லை). ஒரு ரூட்டைக் கட்டி, சிபி கட்டளையால் மூன்றாக நகலெடுத்தாராம். மூன்றும் பூட் ஆகின்றன. ஆனால் ஒன்று நெட்டில் வந்தால் இன்னொன்று விழுகிறது. வயரையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்துவிட்டாராம்.

வயரில் ஒன்றும் இல்லை. எட்சி அடைவில் மெஷின்-ஐடி என்று ஒரு கோப்பு இருக்கும், 32 பதினறும எழுத்துகள், ஒரே வரி. மூன்று நகலிலும் திறந்து பாருங்கள், ஒரே வரியாக இருக்கும். நெட்வொர்க்டி டிஎச்சிபி வழங்கியிடம் (முகவரி ஒதுக்குவது, இங்கே ரூட்டர்) முகவரி கேட்கும்போது தன்னை மேக் முகவரியால் (வலை அட்டையின் எண்) அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. இந்த மெஷின்-ஐடியிலிருந்து வடித்த அடையாளத்தைக் கொடுக்கிறது. உங்கள் மூன்றிலும் மெஷின்-ஐடி ஒன்றே. ரூட்டர் என்ன செய்யும்? ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப வருகிறான் என்று நினைத்து ஒரே முகவரியைக் கொடுக்கிறது. ஒரே எண் பலகையை மாட்டிக்கொண்டு மூன்று லாரிகள் சுங்கச் சாவடிக்கு வந்தால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும்.

நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள். காலியாக்குவது வேறு, அழிப்பது வேறு. கோப்பே இல்லாவிட்டால் சிஸ்டம்டி இதை முதல் பூட் என்று எடுத்துக்கொண்டு, முன்னிருப்புப் பட்டியலின்படி எல்லாச் சேவைகளையும் மறுபடி இயக்கத்தில் வைக்கும். நீங்கள் கவனமாக அணைத்துவைத்தவை உயிர்பெற்றுவிடும். கோப்பு இருந்து உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் புதிய எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளும். இரண்டுக்கும் தேவை உண்டு. எது வேண்டும் என்று தெரிந்து செய்யுங்கள்.

2025 ஜூன் 23

நேற்றைய குறிப்புக்கு ஒட்டு. வார் அடைவுக்குள் டிபஸ் தனக்கென்று ஒரு மெஷின்-ஐடி வைத்திருக்கும். அது எட்சியில் உள்ளதைச் சுட்டும் இணைப்பாக இருக்க வேண்டும். சில டார்களில் தனிக் கோப்பாக இருக்கிறது, அங்கே பழைய எண் ஒளிந்துகொண்டிருக்கும்.

எஸ்எஸ்எச் வழங்கிச் சாவிகளும் (தொலைவிலிருந்து நுழைபவருக்குக் கணினியை அடையாளம் காட்டுபவை) இதே கதைதான். ஒரே சாவியோடு மூன்று கண்டெய்னர்கள் இருந்தால் உடனே எந்தப் பிழையும் வராது, அதுதான் ஆபத்து. நகலில் சாவிகளை அழித்துவிட்டு டிபிகேஜி-ரீகான்ஃபிகரால் ஓபன்எஸ்எஸ்எச் வழங்கியை மறு அமைப்பு செய்தால் புதியன பிறக்கும்.

ரூட் கட்டும்போதே சேவைகள் எழுந்து ஓடத் தொடங்குகின்றன என்று வேறொருவர் புலம்பியிருக்கிறார். பாலிசி-ஆர்சி.டி என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள், 101 என்ற எண்ணோடு வெளியேறினால் போதும். டெபியன் பொதிகள் அதைக் கேட்டுத்தான் சேவையைத் தொடங்கும். கட்டி முடித்ததும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பிறகு எதை நிறுவினாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

2025 ஜூன் 29, நள்ளிரவு தாண்டி

பருவம் உச்சத்தில் இருக்கிறது. சித்தூர்ப் பக்கமிருந்து வரும் லோடுகளும் சேர்ந்து விடிய விடிய எடை நடக்கிறது. காய் வெயிலில் நிற்கக் கூடாது என்று எல்லோரும் இரவில்தான் வருகிறார்கள்.

கணக்கர் ஒரு கட்டுச் சீட்டை மேசைமேல் போட்டார். நேற்று இரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் வந்த வண்டிகளுக்கெல்லாம் முந்தின நாள் தேதி. காலை ஆறு மணிக்கு வந்த வண்டிக்கு மட்டும் சரியான தேதி. விளிம்பு எங்கே என்று தேடினேன். சரியாக 5.30. அதற்கு மேல் தேடத் தேவையில்லை, கண்டெய்னர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகிறது.

அச்சுக் கண்டெய்னர் ஆல்பைன். மினிரூட்எஃப்எஸ்ஸில் டிஇசட்டேட்டா (நேர மண்டலத் தகவல்) பொதி கிடையாது. டிஇசட் மாறியில் ஆசியா/கொல்கத்தா என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பே உள்ளே இல்லாததால், எந்தப் புகாரும் சொல்லாமல் யூடிசியையே கொடுத்துக்கொண்டிருந்தது. பொதியை நிறுவினால் தீர்ந்தது. நிறுவ மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. டிஇசட் மாறியில் ஐஎஸ்டி, கழித்தல் குறி, 5:30 என்று சேர்த்து எழுதினால் எந்தக் கோப்பும் இல்லாமல் நேரம் சரியாகும். கழித்தல் குறியேதான், கை தவறவில்லை. அந்த முறையில் கிழக்கே இருப்பவர்களுக்குக் கழித்தல் குறி. நம்மைப் போன்ற கோடையில் கடிகாரத்தைத் திருப்பாத நாட்டுக்கு இது போதும்.

அதே கண்டெய்னரில் இன்னொரு சங்கதி. விவசாயிகள் பெயரைத் தமிழில் அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் மஸ்ல் நூலகம் (ஆல்பைனின் சி நூலகம்) பைட் வரிசையில்தான் அடுக்கும். ஆல்பைனில் மொழிவாரி வரிசை இல்லை. யூனிகோடில் ஜ என்ற எழுத்து ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே ஜெயராமன்கள் எல்லோரும் செல்வத்துக்குப் பின்னால் வந்துவிடுகிறார்கள். கணக்கருக்கு அவர்கள் கடைசியில் வர வேண்டும். ஜிலிப்சி என்ற வேறு சி நூலகம் உள்ள டெபியனில் லோகேல்ஸ் (மொழி அமைப்புகள்) பொதியை நிறுவி டிஏ-ஐஎன் (இந்தியத் தமிழ்) வரிசையை உருவாக்கிக்கொள்ளலாம்.

டெபியன் மின்பேஸில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன என்று கேட்டவருக்கு: லோகேல் எதுவும் அமைக்காததால் வருவது அது. சி.யூடிஎஃப்-8 டெபியனில் எப்போதும் உண்டு, லாங் மாறியில் அதை வைத்தாலே எழுத்துகள் வந்துவிடும். சீட்டை பிடிஎஃப் ஆக்குகிறவர்களுக்கு எழுத்துருவும் வேண்டும். ரூட்டில் எழுத்துரு ஒன்றுகூட இருக்காது. லோஹித் தமிழ்ப் பொதி சிறியது, அது போதும்.

2025 ஜூலை 6

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். மூன்று கண்டெய்னருக்கு மூன்று முழு நகல் என்பது எனக்கு இப்போது பிடிக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மூன்று இடத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஓவர்லேஎஃப்எஸ் (அடைவுகளை அடுக்கி ஒன்றாகக் காட்டும் கோப்பு முறைமை) நல்ல தீர்வு என்று எல்லோரும் சொல்வார்கள். 2014 இறுதியில் 3.18 கர்னலிலேயே வந்துவிட்டது, புதிது அல்ல. கீழடுக்கில் பொது டெபியன், மேலடுக்கில் அந்தந்தக் கண்டெய்னரின் மாற்றங்கள். வொர்க்டிர் என்ற அடைவு மேலடுக்கு இருக்கும் அதே கோப்பு முறைமையில் இருக்க வேண்டும். இதுவரை சுலபம்.

கீழடுக்கைப் புதுப்பிக்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. மவுண்ட் ஆகியிருக்கும்போது (இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கும்போது) கீழடுக்கைத் தொடவே கூடாது. கர்னல் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது: விளைவு வரையறுக்கப்படவில்லை, கர்னல் முறியாது, அவ்வளவுதான் உறுதி. சரி, நிறுத்திவிட்டுப் புதுப்பிக்கலாம் என்றால் அதற்கும் ஒரு கண்ணி இருக்கிறது. மேலடுக்கில் எப்போதாவது ஒரே ஒரு பொதியை ஆப்ட்டால் நிறுவியிருந்தாலும், டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பு (நிறுவிய பொதிகளின் பதிவேடு) முழுசாக மேலே நகலாகிவிட்டிருக்கும். அன்றிலிருந்து கீழே எதைப் புதுப்பித்தாலும் கண்டெய்னருக்கு மேலே இருக்கும் பழைய பதிவேடுதான் தெரியும். நூலகம் புதிது, பதிவேடு பழையது. ஆப்ட் இரண்டையும் பார்த்துக் குழம்பும்.

ஆகவே என் முடிவு: மேலடுக்கில் ஆப்ட் ஓடக் கூடாது. பொதி எது வேண்டுமானாலும் கட்டும் ஸ்கிரிப்டில் சேர்த்து ரூட்டையே புதிதாகக் கட்டு. தரவு, சீட்டு எண், மெஷின்-ஐடி, சாவிகள் எல்லாம் ரூட்டுக்கு வெளியே தனி அடைவில் இருந்து பைண்ட் ஆக வேண்டும். ரூட்டைத் தூக்கிப் போட்டால் எதுவும் போகக் கூடாது. இதைச் செய்த பிறகு ஓவர்லேயே தேவைப்படவில்லை. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை உள்ள வட்டில் மெஷின்சிடிஎல் க்ளோன் கொடுத்தால் ஸ்னாப்ஷாட்தான் எடுக்கிறது, நொடியில் முடிகிறது, இடமும் பிடிப்பதில்லை. ஆனால் மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் பிடிஆர்எஃப்எஸ் வைக்கப் பயப்படுகிறவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். எக்ஸ்எஃப்எஸ்ஸில் ரீஃப்லிங்க் நகலும் உண்டு.

2025 ஜூலை 8

தூக்கிப் போடு என்று எழுதினேன், எப்படித் தூக்கிப் போடுவது என்று எழுதவில்லை. அதற்குள் தருமபுரியில் ஒரு கடையில் நடந்ததை நண்பர் ஒருவர் சொன்னார். கையால் குரூட் (ஓர் அடைவையே ரூட்டாகக் காட்டும் கருவி) அமைத்து, வீட்டு அடைவை உள்ளே பைண்ட் மவுண்ட் செய்திருக்கிறார்கள். பழைய ரூட்டை அழிக்க ஆர்எம் ஓட்டியிருக்கிறார்கள். மவுண்ட் இன்னும் அங்கேயே இருந்தது. ஆர்எம்முக்கு அது இன்னோர் அடைவு. வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் போயின.

ஒன்-ஃபைல்-சிஸ்டம் விருப்பம் போட்டால் காப்பாற்றும் என்று உடனே சொல்வீர்கள். வேறு வட்டிலிருந்து பைண்ட் ஆகியிருந்தால் காப்பாற்றும். அதே கோப்பு முறைமையிலிருந்து பைண்ட் செய்ததென்றால் சாதன எண் ஒன்றே, ஆர்எம்முக்கு வித்தியாசம் தெரியாது, நேராக உள்ளே போகும். முதலில் ஃபைண்ட்எம்என்டி (மவுண்ட்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டி, அந்த அடைவுக்குக் கீழே மவுண்ட் எதுவும் இல்லை என்று கண்ணால் பாருங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. டெவ் அடைவை ஆர்பைண்ட் (உள் மவுண்ட்களோடு சேர்த்துப் பைண்ட்) செய்து, வேலை முடிந்ததும் யூமவுண்ட்டை மறுசுழல் விருப்பத்தோடு ஓட்டினால், மவுண்ட் பகிர்வு காரணமாக வெளிக் கணினியின் டெவ்-பிடிஎஸ்ஸும் கழன்றுவிடும். புதிய டெர்மினல் ஒன்றுகூடத் திறக்காது. பைண்ட் செய்த கையோடு மேக்-ஆர்ஸ்லேவ் கொடுத்துவிட்டால் இந்தத் தொற்று இல்லை.

என்ஸ்பானில் இந்த இரண்டு ஆபத்தும் பெரும்பாலும் கிடையாது. அதன் மவுண்ட்கள் தனி வெளியில் பிறந்து, கண்டெய்னர் நின்றதும் தாமாக மறைகின்றன. குரூட் 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்த கருவி. அது பாதையை மாற்றும், வேறு எதையும் பிரிக்காது. உள்ளே ரூட்டாக இருப்பவன் வெளியே வந்துவிடலாம். பொதி கட்ட, பழுது பார்க்கப் பயன்படுத்துங்கள். சேவையை அதில் ஓட்டாதீர்கள்.

2025 ஜூலை 13

எடைமேடைக்குத் திரும்புகிறேன். ஜூன் 15 குறிப்பில் சொன்ன பைண்ட் வேலை செய்கிறது, கேபிளை யாரும் தொடாத வரை. லாரி ஓட்டுநரின் கால் இடறிக் கேபிள் கழன்று, திரும்பச் செருகினார்கள். வெளியே புதிய சாதனம் பிறந்தது. உள்ளே பைண்ட் ஆகியிருப்பதோ செத்துப்போன பழைய கோப்பு. கண்டெய்னரை மறுதொடக்கம் செய்யும்வரை எடை வராது. உள்ளே யூடெவ் ஓடாது, எனவே அதற்குத் தானாகத் தெரியவும் வழியில்லை.

இப்போது சாதனத்தை உள்ளே கொண்டுபோவதையே விட்டுவிட்டேன். வெளியே செர்2நெட் கேபிளைப் படித்து ஒரு டிசிபி துறையில் கொடுக்கிறது. உள்ளே சோகேட் அந்தத் துறையோடு பேசி, பொய்யான டெர்மினல் ஒன்றை உருவாக்கி நிரல் எதிர்பார்க்கும் பெயரில் வைக்கிறது. நிரல் அதில் 2400 என்று வேகம் அமைத்துக்கொள்கிறது. பொய் டெர்மினலில் அந்த வேகத்துக்குப் பொருளில்லை, உண்மையான வேகத்தை செர்2நெட் பார்த்துக்கொள்ளும். கேபிள் கழன்றால் இணைப்பு அறுந்து, செருகியதும் சேவை மறுபடி பிடித்துக்கொள்கிறது. டிவைஸ்அலவ், 0666 இரண்டையும் நீக்கிவிட்டேன். ரூட்டில் கூடுதலாக ஒரே பொதி, அவ்வளவுதான்.

2025 ஜூலை 20

தருமபுரியில் பட்டுக்கூடு வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் பார்க்கும் ஒருவர் கேட்கிறார்: டெபியன் 7 ரூட் வேண்டும். டெபூட்ஸ்ட்ராப் சாவி செல்லாது என்கிறது. அதைத் தாண்டினால் பேஷ் (ஷெல் நிரல்) ஒரு வார்த்தை பேசாமல் செக்மென்டேஷன் பிழையோடு விழுகிறது.

சாவி: பழைய வெளியீடுகள் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கின்றன. அவற்றின் சாவிகள் (பொதிகளின் கையொப்பத்தைச் சரிபார்ப்பவை) டெபியன்-ஆர்க்கைவ்-கீரிங் பொதியிலேயே ரிமூவ்டு-கீஸ் என்ற தனிக் கோப்பில் உள்ளன. கீரிங் விருப்பத்தில் அதைச் சுட்டுங்கள். சரிபார்ப்பையே அணைக்கும் பழக்கம் வேண்டாம்.

பேஷ்: டெபியன் 7-இன் 64 பிட் சி நூலகம் விசிஸ்கால் என்ற பழைய பக்கத்தைத் தேடுகிறது. இன்றைய டெபியன் கர்னலில் அது அணைக்கப்பட்டிருக்கிறது. வெளிக் கணினியின் பூட் வரியில் விசிஸ்கால்=எமுலேட் என்று சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். அல்லது 32 பிட் ரூட்டாக எடுங்கள், அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. சென்டோஸ் என்ற இன்னொரு லினக்ஸின் 6-ஆம் பதிப்புக்கும் இதே மருந்து. சென்டோஸ் 7 வேறு நோய். அதன் சிஸ்டம்டி 219 சிகுரூப் இரண்டாம் பதிப்பை அறியாது, புதிய கணினியில் இனிட்டோடு பூட் ஆகாது. கர்னல் வெளியிலிருந்து வருகிறது என்று முதல் நாள் மகிழ்ச்சியாக எழுதினேனே, அதன் மறுபக்கம் இதுதான்.

2025 ஆகஸ்ட் 10

நேற்று டெபியன் 13 வந்துவிட்டது. ஐ386-க்கு இனி நிறுவியும் இல்லை, கர்னலும் இல்லை. பதறி எழுதியவர்களுக்கு: நமக்கு அவை இரண்டும் எப்போது தேவைப்பட்டன? 64 பிட் கணினியின் மேல் ஓடும் 32 பிட் ரூட்டுக்காகவே அந்தப் பொதிகளைத் தொடர்ந்து தருகிறார்கள். மற்ற 32 பிட் கட்டமைப்புகளில் நேர மாறியை 64 பிட்டாக விரித்தவர்கள், பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று ஐ386-ஐ மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எடைமேடை நிரல் ஓடும், 2038 ஜனவரி வரை. அதற்குள் ஆலை முதலாளியைச் செலவு செய்ய வைக்க முடியுமா என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

பருவம் முடிகிறது, ஸ்கிரிப்டில் வெளியீட்டின் பெயரை மாற்றிக் கட்டிப் பார்த்தேன். எடைமேடை, பில் இரண்டும் எழுந்தன. அச்சை ஆல்பைனிலிருந்து டெபியனுக்கே மாற்றிவிட்டேன். சில நூறு எம்பி கூடுதலாகப் போகிறது, ஜெயராமன்கள் கடைசிக்கு வந்துவிட்டார்கள், கணக்கர் பேசுகிறார்.

2025 ஆகஸ்ட் 24

கடைசியாகக் கிடப்பில் இருந்த கேள்வி: ஆர்ம்64 பலகைக்கு (ஆர்ம் செயலி உள்ள சிறு கணினி) இங்குள்ள இன்டெல் கணினியில் ரூட் கட்ட முடியுமா? முடியும். டெபூட்ஸ்ட்ராப் இரண்டு கட்டமாக ஓடும். ஃபாரின் விருப்பத்தோடு முதல் கட்டம் பொதிகளை இறக்கிப் பிரித்து வைக்கும், அதற்கு எந்தச் செயலியானாலும் சரி. இரண்டாம் கட்டம் பொதிகளின் ஸ்கிரிப்டுகளை ஓட்டும், அதற்கு ஆர்ம் நிரல்கள் ஓட வேண்டும். க்யூஎம்யூ-யூசர்-ஸ்டாடிக்கை (வேறு செயலிக்கான நிரலை ஓட்டித் தரும் கருவி) நிறுவினால் பின்எஃப்எம்டி மூலம் இன்டெல்லிலேயே ஓடும், ஆனால் ஆமை வேகம். பலகை கையில் இருந்தால் முதல் கட்ட அடைவை டாராக்கி அங்கே கொண்டுபோய், இரண்டாம் கட்டத்தைப் பலகையிலேயே ஓட்டுங்கள். நியூமெரிக்-ஓனர், எக்ஸ்அட்ர் இரண்டும் இங்கேயும் வேண்டும்.